போஸ்டிலிருந்து வந்த குரல்

மழையில் நனைந்த பந்துகளை நேற்று மாலை அடுப்பங்கரையில் காயவைத்தேன். சூடேறிய ரப்பர் வாசனை வந்தது, கூடவே நீயும் வந்துவிட்டாய். அடுப்புப் பக்கம் பந்தை வைக்காதே என்று எத்தனை தடவை உன்னோடு சண்டை பிடித்திருப்பேன்! நீ கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போது நானே வைக்கிறேன், சந்தோஷம்தானே?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சனிக்கிழமை நம் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பண்டாரவளையில் கூடைப்பந்து அரையிறுதி. ஓட்டம் இருக்கிறது, தூரத்திலிருந்து எறிவதும் நன்றாக வருகிறது. பலவீனமெல்லாம் போஸ்டில்தான். வளையத்தின் கீழே, முதுகால் எதிராளியைத் தடுத்துக்கொண்டு பந்தை வாங்குகிற அந்த இடத்தில் யோகா நிற்கிறாள். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, அணியிலேயே உயரமானவள். ஆனால் பந்து அவளிடம் போவதே இல்லை. "கை மந்தம், மிஸ். மாத்திடுவோம்" என்கிறார் என்னோடு பயிற்சி கொடுக்கும் ஆசிரியர். அணியில் இருக்கிறாள் என்பதால்தான் அவளை வீட்டில் இவ்வளவு தூரம் அனுப்புகிறார்கள். இப்போது எடுத்தால் அவள் மறுபடி பந்தைத் தொடமாட்டாள்.

நாம் ஆடிய காலத்தில் அந்த இடம் உன்னுடையது. என் தோளுக்குக்கூட வரமாட்டாய். பந்தைக் கொண்டுவருகிறவள் நான். நெடுநெடுவென்று இரண்டு பேர் உன்னை மறைத்து நிற்பார்கள், எனக்கு உன் தலைகூடத் தெரியாது. இருந்தும் பந்து உன் கைக்கு வந்துவிடும். எப்படி என்று ஒருநாள் கேட்டதற்கு, "நீதானேடி குடுத்த? என்னையக் கேட்டா?" என்று சிரித்தாய்.

ஒரு அணியை எடைபோட நீ வைத்திருந்த வழி அதைவிட விசித்திரம். மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பாய். "பாக்காதடி, கேளு" என்பாய். பந்தாட்டமா, ரேடியோவா என்று கேலி செய்வேன். வேறு வழி தெரியாமல் நேற்று நானும் அப்படி உட்கார்ந்தேன்.

பந்து தரையில் மோதும் சத்தம். சப்பாத்துகள் கீச்சிடும் சத்தம். "மெஹே! மெஹே!" என்று சிங்களப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இங்கே, இங்கே என்று கூப்பிடும் சத்தம். போஸ்டிலிருந்து மட்டும் ஒரு மூச்சும் இல்லை.

யோகாவைத் தனியே கூப்பிட்டு, "ஏன் பந்து கேக்க மாட்டேங்கிற?" என்றேன்.

"சிங்களத்துல கத்துனா பிழையா வந்துரும், மிஸ். சிரிப்பாங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை. வாப்பாவின் கடையில் நின்றே சிங்களம் எனக்குத் தானாக வந்துவிட்டது. அப்போதுதான் உன் சத்தம் ஞாபகம் வந்தது. உங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இந்த மலையிலிருந்து அந்த மலைக்கு ஆள் கூப்பிடுவார்களே, அந்த "ஓஓய்!" அதைத்தான் நீ வளையத்துக்குக் கீழே நின்று போடுவாய். நான் உன்னைப் பார்த்து எறியவே இல்லை, அந்தச் சத்தத்தைப் பார்த்துத்தான் எறிந்திருக்கிறேன்.

"உங்க தோட்டத்துல எதிர் மலையில இருக்கிற ஆள எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றேன். வெட்கப்பட்டாள். பிறகு திரும்பப் போய் வளையத்தின் கீழே நின்று கூப்பிட்டாள். பந்து வந்தது, வளையத்துக்குள் போட்டாள். அடுத்ததைத் தவறவிட்டாள். கை கொஞ்சம் மந்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அதைப் பழக்கிவிடலாம். சனிக்கிழமை அவள்தான் நிற்கிறாள்.

ஒன்று மட்டும் இன்னும் குடைகிறது. நம் அணியிலும் சிங்களப் பிள்ளைகள் இருந்தார்களே. உனக்கும் அந்தக் கூச்சம் இருந்ததா? உன்னை வாயாடி என்றே இத்தனை வருடமும் நினைத்துவிட்டேன். சொல்லியிருக்கலாமேடி.

நேற்று யோகா கூப்பிட்டபோது நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். என்னிடம் பந்து இல்லை. ஆனாலும் என் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேராக எழுந்து, அந்தச் சத்தம் வந்த பக்கம் நீண்டுவிட்டன.