ஆறாம் மாடி

மே 3

அன்பு மகளுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுத இன்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. நேற்று நம் கட்டட லிஃப்ட், நாலாம் மாடிக்குக் கீழே சட்டென்று நழுவி நடுவழியில் நின்றது. உள்ளே நானும் மெக்கானிக்கும். எனக்குச் சிராய்ப்புகூட இல்லை. என்னைத் தாங்கப் போய் அவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தவர் ஆறு மாதம் கழித்து நேற்றுதான் வந்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"என்னைக் கேக்காதீங்கம்மா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாத்தா போதும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க."

நீ இன்ஜினியராகச் சேர்ந்து, நிர்வாக இயக்குநராகி, பிறகு முதலீட்டு நிறுவனம் தொடங்கி வாங்கிய அதே லிஃப்ட் கம்பெனிதான் அவருடையதும். இந்த லிஃப்டின் பிரேக்கை வடிவமைத்தது என் மகள் என்று புதிதாகக் குடிவரும் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அலுத்துவிட்டது. உனக்குத் தெரியாமல் யாரோ செய்த வேலை இது. குடியிருப்போர் சங்கச் செயலாளராக உன் அலுவலகத்துக்கும் தனியே எழுதியிருக்கிறேன். கட்டட விஷயத்தில் சொந்தம் கொண்டாடக் கூடாது.

உன் அம்மா

மே 11

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். பராமரிப்பு இடைவெளி வல்லுநர்களால் முடிவு செய்யப்பட்டது. தங்கள் நம்பிக்கையே எங்கள் பலம்.

(கையொப்பம்)
தலைவர்

மே 14

மகளுக்கு,

உன் கையெழுத்துதான். ஐந்து வயதில் நான் கைபிடித்துப் பழக்கிய அதே சுழிப்பு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

வாடிக்கையாளர் என்று என்னை அழைத்ததில் பிழையில்லை. மெக்கானிக்கின் கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, அதுதான் பிழை. இதைப் படித்துவிட்டா கையெழுத்திட்டாய்?

அம்மா

மே 19

அம்மா,

வெளியூரிலிருந்து நேற்றுதான் வந்தேன். உங்கள் இரண்டு கடிதங்களையும் நின்றபடியே படித்தேன்.

உங்களுக்கு வந்த பதிலை நான் படிக்கவில்லை. நான் இருந்த ஊருக்கு அலுவலகத்திலிருந்து கட்டோடு வந்த தாள்களில் ஒன்று.

ஆறு மாத உத்தரவை மட்டும் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். அந்தப் பிரேக் எத்தனை மாதத்தில் தேயும் என்று கணக்குப் போட்டவளே நான்தான். அது தெரிந்தும் போட்டேன். முதலீட்டாளர்கள் கேட்ட லாபத்துக்கு வேறு வழி தெரியவில்லை. யாரோ செய்தது என்று நீங்கள் எழுதியிருந்த வரியைத் தாண்டி என்னால் வெகுநேரம் படிக்க முடியவில்லை.

உங்களைப் பார்க்க வரலாமா?

மே 23

மகளுக்கு,

உன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் அந்த அறைக்குள் போகவில்லை.

கேட்டுக்கொண்டு வர நீ அந்நியமானவள் இல்லை. ஆனால் முதலில் அந்த உத்தரவை ரத்து செய். பிறகு மெக்கானிக்கின் வீட்டுக்குப் போ. விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. அவரிடம், எனக்கு எழுதியதை எழுதியபடியே சொல்.

அதன் பிறகு இங்கே வா. லிஃப்ட் பூட்டியிருக்கிறது. நான் தினமும் இருமுறை ஆறு மாடியும் படியில் ஏறி இறங்குகிறேன். நீயும் ஏறி வா.

அம்மா