பேத்தை மீன் சினை

மார்ச் 14, சனி

கொழுந்தன் ஜெபராஜ் இன்று தானாக மூச்சு விட்டான். ஜெயித்தது நான்!

வியாழக்கிழமை தாராவிச் சந்தையில் தனியாக விற்ற மீன் சினையை வாங்கி வந்தான். எந்த மீனின் சினை என்று எனக்கும் தெரியவில்லை. லெந்து நோன்பு நாள் என்பதால் நான் தின்னவில்லை, வறுத்துக் கொடுத்ததோடு சரி. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அவனுக்கு உதடு மரத்து, கால் துவண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "தாரு பியா ஹை", குடித்திருக்கிறான் என்று ஒதுக்கப் பார்த்தார். ஊரில் நர்ஸாக இருந்தபோது பேத்தை என்கிற விஷ மீனைத் தின்றவர்களைப் பார்த்தவள் நான். அந்த விஷம் நரம்பை முடக்கும், மூச்சு நின்றுவிடும், உடனே மூச்சு மெஷின் வையுங்கள் என்று இந்தியில் கத்தினேன். வைத்தார்கள்.

மாலையில் குழாயை எடுத்ததும் கரகரத்த குரலில் சொன்னான்: "மதினி, அசையத்தான் முடியல. காது நல்லாக் கேட்டுச்சு. டாக்டரை என்னா ஏச்சு ஏசுனிய!"

அப்படியென்றால், வறுத்துக் கொடுத்த பாவி நான்தானே என்று கட்டிலோரம் அழுததையும் கேட்டிருப்பான். அதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.