கொடியில் காயும் டீ பேக்

12.8.86, செவ்வாய்

இன்று சாயங்காலம் இவர் செய்த காரியம் மனதை விட்டுப் போகவில்லை.

துபாயிலிருந்து இவர் கொண்டுவந்த டீ பேக்கை ஒரு முறை முக்கியதும் நான் எடுத்து வைப்பேன். அதைக் கொதிக்கவைத்த தண்ணீரில் நாத்தனார் நூருவுக்கு மருதாணிப் பொடி குழைப்பேன். மிச்சம் ரோஜாத் தொட்டிக்கு. போன லீவில் இதைப் பார்த்து இவர் சிரித்தார். "குப்பையப் போயி சேத்து வெக்கிறியே! தீந்தா அடுத்த தடவ பெட்டி பெட்டியா கொண்டாறேன்" என்றார்.

இன்று தொட்டியில் போடப்போன என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். பிழிந்து, துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். "இன்னொரு தடவ போடலாம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"லீவு எப்பங்க முடியுது?"

"ஏன், தொரத்தறியா?" என்றார். சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமி உள்ளேயிருந்து, "நூரு நிக்காவுக்கு வர்றப்ப இந்த டீ பேக்கு ரெண்டு டப்பா சேத்து வாங்கியாப்பா, மாப்ள வூட்டுக்குக் குடுக்கணும்" என்றார். இவர் "சரிம்மா" என்றார்.

திரும்பிப் போகப்போவதில்லையோ? இதை எழுதவே கை வரவில்லை. என்னிடம்கூடச் சொல்லாதவரை நான் எப்படிக் கேட்பேன்?

ராத்திரி, கொடியில் காய்ந்த அந்த டீ பேக்கிலேயே எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். வெறும் வெந்நீர்.

"நல்லா இருக்குதா?" என்றார்.

நல்லா இருக்குதுங்க என்றேன். டம்ளர் காலியாகும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.