ஒன்பதாம் நாள் படகுக்கு நான்கு இருக்கை

அன்புள்ள மகளுக்கு,

ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று, இன்னும் இருந்தால் அது எனக்கே அசிங்கம் என்பதால் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அம்மாவோடு கைபேசியில் பேசும்போது அடுக்களையிலிருந்து வரும் சிரிப்புச் சத்தத்தில் தெரிந்துவிடுகிறது. நான் கூடத்தில் இருந்தபடியே நல்லா இருக்கேன்னு சொல்லு என்று குரல் கொடுப்பதும் உனக்குக் கேட்டிருக்கும், அதைப் பேச்சு என்று நானும் சொல்லவில்லை நீயும் நினைத்திருக்க மாட்டாய். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, புதிதாக வாங்கிய மூடின செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகுகிறாள், கீழ்வீட்டுத் தையல்காரர் வெளியே வந்து என்னம்மா மேலே தண்ணி வரலையா என்று கேட்டுவிட்டார்.

நாங்கள் அங்கே வந்து போக நீ அனுப்பிய பயணத் திட்டத்தை உன் மாமா அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். உன் அம்மாவுக்கு ஒரு மாதமாகத் தெரியும், அவள் தம்பிக்கு மூன்று வாரமாகத் தெரியும், எனக்குப் போன செவ்வாய்க்கிழமை தெரிந்தது. இந்த வரிசை எனக்குப் பழக்கமானதுதான். நீ மேல்படிப்புக்குப் போகப் போகிறாய் என்பதையே நான் மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். பொண்ணு வெளிநாடு போகுதாமே சார், சொல்லவே இல்லையே என்று கடைக்காரர் கோபித்துக்கொண்டார், ஆமாம் சொல்ல மறந்துட்டேன் என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாங்காமலே வந்தேன். அது நினைவிருக்கட்டும். உன் மாமா திட்டத்தோடு தன் கம்பளிக் கோட்டையும் கொண்டுவந்தார், அவர் அங்கே நாலு நாள் போய்விட்டு வந்து நாலு வருஷமாக அதையே பேசிக்கொண்டிருக்கும் மனுஷர் என்பது உனக்குத் தெரியும். அத்தான், அங்க குளிர்னா நம்ம குளிர் இல்ல, மூக்கைத் தொட்டா கையோட வந்துரும் என்றார். ஜூன் மாதத்தில்தானே போகிறோம் என்றேன். இருக்கட்டும் அத்தான், நீங்க எப்பவும் கொஞ்சம் விறைப்பாதானே இருப்பீங்க, கோட்டு பொருந்தும் என்று சொல்லி நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார். இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

திட்டத்தைப் படித்தேன். இருபத்தாறு வருஷமாகப் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுகிறவன் என்பதால் மற்றவர்கள் படிப்பது போல எனக்குப் படிக்க வராது. பன்னிரண்டு நாள், மூன்று நகரம், காலை ஒன்பதுக்கு ஹோட்டல் வாசலில் ஆரம்பித்து இரவு ஒன்பதுக்கு ஹோட்டல் வாசலில் முடிகிறது. அருங்காட்சியகம், கோட்டை, ரயில், மலை, மறுபடி அருங்காட்சியகம். நன்றாகத்தான் போட்டிருக்கிறாய், ரயில் மாறுவதற்கு விட்டிருக்கும் நேரத்தைப் பார்த்தபோது இது என் மகள் போட்டதுதான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் எந்த நடைக்கும் கடைசி நிறுத்தத்தில் எட்டு நிமிடம் வண்டியைச் சும்மா நிற்க விடுவேன். முன்னால் பிந்தியதை எல்லாம் அந்த எட்டு நிமிடம்தான் சரிக்கட்டும். அது வீண் என்று மேலாளர் வெட்டச் சொன்னார், நான் வெட்டவில்லை, பிறகு அதே அட்டவணைக்கு அவரே தன் கையெழுத்தைப் போட்டுக் கேடயம் வாங்கிக்கொண்டார், அது வேறு கதை. எங்கள் ஓட்டுநர் ஒருவர், எப்போதும் தாமதமாக வருவதால் புயல் என்று பெயர், சார் உங்க எட்டு நிமிஷம் இல்லேன்னா எனக்கு வேலையும் இல்ல பொண்டாட்டியும் இல்ல என்பார். உன் பன்னிரண்டு நாளில் அப்படி எட்டு நிமிடம் கிடையாது. முக்கியமாக உன் வீடு கிடையாது. நீ குடியிருக்கும் நகரத்திலேயே நாலு இரவு ஹோட்டல் போட்டிருக்கிறாய். இடம் கொஞ்சம் சின்னதாம் என்று உன் அம்மா சொன்னாள். நாம் மூன்று பேரும் ஒரே அறையில் பதினொரு வருஷம் இருந்தவர்கள், அதனால் அந்தக் காரணத்தை நான் நம்பவில்லை.

அதனால் இரண்டாவது முறை படித்தேன். எல்லா இடத்துக்கும் மூன்று சீட்டு எடுத்திருக்கிறாய். ஒன்பதாம் நாள் மாலை நாலு மணிக்கு ஆற்றுப் படகு, எழுபத்தைந்து நிமிடம், இருக்கை நான்கு. அம்மா, நான், நீ, அப்புறம் யார்? உன் அம்மாவிடம் கேட்டேன். படகுக்காரனா இருக்கும்ங்க என்றாள். படகுக்காரனுக்கு எந்த ஊரில் பயணி சீட்டு எடுப்பான் என்றேன். அதற்குமேல் அவள் ஒரே சால்வையை மூன்று தரம் மடித்தாள். அவளைக் கோபிக்காதே, வாயைத் திறக்கவே இல்லை, சால்வைதான் காட்டிக்கொடுத்தது. போன மாதம் நீ புது அலமாரியைக் காட்டுகிறேன் என்று அம்மாவுக்குக் கைபேசியில் படம் காட்டியபோது நான் பின்னால் தண்ணீர் எடுக்க வந்தேன், உன் வாசலில் இரண்டு ஜோடிக் காலணி இருந்தது, ஒன்று நிச்சயம் உன் அளவில்லை. அன்றே தெரியும். எனக்கு வலித்தது அந்தக் காலணி இல்லை, படகுதான். நான் பந்தியில் பாதியில் எழுந்து போகிறவன், உன் பட்டமளிப்பில் படம் எடுப்பதற்கு முன்னால் கிளம்பியவன், அதனால் நடு ஆற்றில், எழுந்து போக முடியாத இடத்தில் வைத்துச் சொல்லலாம் என்று எட்டு நாள் களைக்க வைத்து ஒன்பதாம் நாளுக்கு என்னை ஏற்பாடு செய்திருக்கிறாய். கெட்டிக்காரத்தனம்தான். அப்பனை இப்படி அளந்து வைத்திருக்கிறாளே என்று ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். மறுநாள் யோசித்தபோது அளவு சரியாகத்தான் இருந்தது.

நீ மேல்படிப்புக்குக் கிளம்பும்போது கொண்டுவந்த அந்த மாணவர் விடுதிப் படிவத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். தகப்பனார் கையெழுத்து என்ற கட்டத்தைத் திறந்தபடி சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு நீ எதிரில் உட்கார்ந்திருந்தாய். அப்பா, ஒரு நிமிஷம்தான்பா என்றாய். பணிமனையில் அவசரம் என்று கிளம்பினேன். பணிமனைக்குப் போகவில்லை. பேருந்து நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து வண்டிகள் நேரத்துக்கு வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு வண்டி போனது, இரண்டுதான் நேரத்துக்கு வந்தது. பன்னிரண்டாவதில் ஏறித் திரும்பி வந்தபோது உன் மாமா பேனாவை மூடிக்கொண்டிருந்தார். என் கட்டத்தில் அவர் கையெழுத்து. அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு, அவர் செய்தது சரி என்பதால் கூடுதலாகவே உண்டு. என்னிடம் கடைசியில் சொன்னதற்காக உன்மேலும் கோபம் போய்விடவில்லை, அப்படி ஏதும் நினைத்துவிடாதே. ஆனால் விசாவுக்கு உன் அழைப்புக் கடிதம் கேட்டதும் இரண்டே நாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாய். என்னை மாதிரி பெஞ்சில் போய் உட்காரவில்லை.

இப்போது நான் முடிவு செய்திருப்பது இது. ஜூனில் வரவில்லை. அங்கே ஜூனில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்குமாம், பத்து மணி வரை வெளிச்சம் இருந்தால் பத்து மணி வரை ஒன்றும் பேசாமல் ஊர் சுற்றலாம், நம் இரண்டு பேருக்கும் அது வசதி. ஜனவரியில் நாலரைக்கே இருட்டிவிடும் என்று பார்த்தேன். பிறகு வீட்டுக்குள்தான் உட்கார வேண்டும். விடுப்பை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். சார், எல்லாரும் அங்கேயிருந்து ஓடி வர்ற மாசம் சார் அது என்று மேலாளர் சிரித்தார், கையெழுத்துப் போடுவதில் அவருக்கு எப்போதும் தாமதமில்லை, போட்டுக் கொடுத்தார். பனியில வழுக்கி விழுந்தா நீங்கதான் தூக்கணும் என்று சொல்லிவிட்டு உன் அம்மா மறுபடி மாடிப்படிக்குப் போனாள். எனக்கு இருக்கிற ஒரே கஷ்டம் உன் மாமாவின் கோட்டைப் போட வேண்டி வரும் என்பதுதான். போட்டுப் பார்த்தேன். பொருந்துகிறது.

விசா விண்ணப்பத்தில் எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டாயிற்று. தங்குமிடம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். புதுத் தேதி போட்டு அழைப்புக் கடிதம் அனுப்பு, அதில் நீ எந்த முகவரி எழுதுகிறாயோ அதையே இங்கே நிரப்புகிறேன். ஹோட்டல் முகவரி வந்தால் அம்மாவை அவள் தம்பியோடு அனுப்பி வைப்பேன், நான் வர மாட்டேன், இதை மிரட்டலாக எழுதவில்லை, என்னைத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன். உன் வீட்டு முகவரி வந்தால் ஒரு வேண்டுகோள். படகு வேண்டாம். அந்த நாலாவது ஆளை முதல் நாளே கதவைத் திறக்கச் சொல். எழுந்து போகத் தோன்றினால் கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவேன், எட்டு நிமிடம் போதும். அதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்.

உன் கட்டடத்தில் எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம் என்று மறக்காமல் எண்ணி எழுது, அம்மா அதற்குத் தக்கபடி இங்கே பழகுவாள். சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. இரண்டு பேரும் நன்றாக இருங்கள், இதை மனதார எழுதுகிறேன், இன்னொரு தரம் எழுத வைக்காதே.

கீழே கையெழுத்தைத் தேடாதே. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். நீ எதிரில் உட்கார்ந்து கேட்டபோது போடாததை, நீ இல்லாத மேசையில் போடுவது சரியாக வரவில்லை. இந்தத் தாளைப் பத்திரமாக வைத்திரு, உன் வீட்டில், உன் மேசையில், அந்த நாலாவது ஆளிடம் பேனா வாங்கிப் போட்டுத் தருகிறேன். இன்றைக்கு இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.