குவியலில் வைத்த கல்

அர்வைஹேர்
செப்டம்பர் 19

என் மகள் குலானுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், மாமாவிடம் விட்டிருக்கும் நம் ஆடுகள் கொழுத்திருக்கின்றன, நீயும் அந்தத் துருக்கி வெயிலில் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ அழுவாய், நான் ஆடுகளைப் பற்றிப் பேசி மழுப்பிவிடுவேன், அம்மா நடுவில் போனைப் பிடுங்குவாள். அதனால்தான் எழுதி, உன் சித்தி மகளிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எனக்குத் தையல் பிரித்தாயிற்று. கல்லீரலில் இருந்து எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், இருபத்தெட்டாம் தேதி முடிவு சொல்வார்களாம். கொழுப்பு கூடாது என்று டாக்டர் சொன்னதில் இருந்து எனக்குக் கஞ்சி, எதிரே உட்கார்ந்து உன் அம்மாவுக்குக் கொழுத்த ஆட்டு வால். கேட்டால், உங்களுக்கும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறேன் என்கிறாள். ஆனாலும் காலையில் முதல் பாலை மரக்கரண்டியில் எடுத்து மேற்கே பார்த்து உனக்காகத் தெளிப்பதை ஒரு நாளும் விடவில்லை.

நேற்று மத்தியானம் அவள் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டாள். அப்பாவிடம் சொல்லாதே என்றுதான் சொன்னாயாம், ஆனால் அவளால் எதையும் இரண்டு நாளுக்கு மேல் உள்ளே வைத்திருக்க முடியாது, உனக்குத் தெரியாததா. நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்து. என் ஆபரேஷனுக்கு முந்தின நாள், பழைய நகரத்தைத் தோண்டி ஆராயும் உங்கள் வேலைக்கு விடுமுறை, மற்றவர்கள் கடலுக்குப் போக, நீ மட்டும் அந்த இடிந்த நகரத்தில் காலையில் இருந்து தனியாகச் சுற்றியிருக்கிறாய். கூரை இல்லாத வீடுகள், வண்டித் தடம் பதிந்த கல் தெரு, அடுப்புக் கரி இன்னும் ஒட்டியிருக்கும் ஒரு சுவர், எல்லாம் பார்த்துக்கொண்டே உச்சிக்கு ஏறினால் அங்கே ஒரு கல் குவியல், நடுவில் ஒரு கம்பு, கம்பில் நீல நாடா காற்றில் ஆடுகிறது. நம் கணவாய் உச்சிகளில் வழிப்போக்கர்கள் கல் வைத்து வேண்டிக்கொள்ளும் ஓவோ மாதிரியே இருந்ததாம், உனக்கு அழுகை வந்துவிட்டதாம். எனக்கும் வந்திருக்கும் மகளே. அது தோண்டியவர்கள் கழித்துக் கொட்டிய கல் என்றும், நாடா நிலம் அளப்பவர்கள் கட்டிய பிளாஸ்டிக் என்றும் உனக்கு எப்படித் தெரியும். கீழே போய் ஒரு வாசற்படி ஓரத்தில் கிடந்த கல்லை எடுத்து வந்து வைத்து, அப்பா பிழைக்க வேண்டும் என்று மூன்று முறை சுற்றியிருக்கிறாய். அதன் ஓரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் எண் எழுதியிருந்ததை வைத்த பிறகுதான் பார்த்தாயாம்.

மறுநாள் என் வயிற்றை அறுத்தார்கள், நான் கண் விழித்தேன். அதற்கு அடுத்த நாள் அந்தக் கல்லைக் காணோம் என்று அங்கே தேடினார்கள். அன்று கற்களுக்குக் கணக்கு எழுதியவள் கத்ரியே என்கிற உன் கூட்டாளி, ஊரில் இருந்து தன் அம்மா சுட்ட ரொட்டியைக் கொண்டுவந்து உனக்குப் பாதி கொடுப்பாள் என்று சொல்வாயே, அவள். அடுத்த வருஷம் தோண்ட வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்களாம். கல் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கல்லை இறக்கிவிடுவார்கள், ஓவோவில் வைத்த கல்லை இறக்கினால் யாருக்காக வைத்தோமோ அவருக்கு ஆகாது. இதுதானே உன் பயம். உன் அம்மாவுக்கும் இதே பயம். கேட்டதற்கு, "கல்லு அங்கயே கெடக்கட்டும். அந்தப் பொண்ணுக்கு வேற வேலை கெடைக்கும், எனக்கு வேற புருஷன் கெடைப்பானா?" என்றாள். சிரித்ததில் தையல் போட்ட இடம் வலித்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

முப்பத்தோரு வருஷம் கம்பளி லாரி ஓட்டினேன், வழியில் எந்தக் கணவாயிலும் இறங்காமல் போனதில்லை, எத்தனை கல் வைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு முறை என்னோடு வந்தவன் யாரோ ஒருவருடைய ஆட்டுப்பட்டிச் சுவரில் இருந்து கல்லை உருவிக்கொண்டு வந்தான். அதைத் திரும்ப வைத்துவிட்டு வரும் வரை வண்டியை எடுக்க மாட்டேன் என்று பனியில் அரை மணி நேரம் நின்றேன். ரோட்டோரம் கிடக்கிற கல் வேறு, வீட்டுக் கல் வேறு. அந்த வாசற்படியில் இருந்தவர்கள் இன்று இல்லை என்பதால் அது வாசற்படி இல்லாமல் போய்விடாது. கத்ரியேவோ உயிரோடு இருக்கிறாள். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அது எனக்காக வைத்த கல், இறக்கு என்று சொல்லும் உரிமை எனக்குத்தான் இருக்கிறது. அம்மாவிடமும் இதையே சொன்னேன், எழுந்து வெளியே போய்விட்டாள். பிறகு வந்து, "எடுக்கறப்ப ரெண்டு கையாலயும் எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே மகளே, இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால் எடுத்துவிடு. நல்ல முடிவு வந்த பிறகு என்றால் உனக்கு எடுக்க மனசு வராது. கெட்டது வந்து பிறகு எடுத்தால், ஒரு கல்லால் ஒன்றும் ஆகவில்லை என்று வெறுத்துப்போய் எடுப்பாய். எதுவும் தெரியாத இந்த நாட்களிலேயே எடு. தோண்டும் வேலையை நடத்தும் பேராசிரியரிடம் போய்க் குவியலில் கண்டெடுத்தேன் என்று சொல்லாதே, நான்தான் எடுத்து வைத்தேன் என்று சொல், கத்ரியேவும் கேட்க அவள் எதிரிலேயே சொல். உன்னையும் வர வேண்டாம் என்று சொன்னால் வீட்டுக்கு வா, மாமாவின் ஆடுகளுக்கு ஆள் போதவில்லை. அதன் பிறகு என் முடிவு எப்படி வந்தாலும், அது கல்லால் வந்தது என்று உன் வாழ்நாளில் ஒரு நாளும் நினைக்கக் கூடாது, இதை எனக்குச் சத்தியம் செய்து கொடு.

நீ நடக்கும் வழியெல்லாம் பாலைப் போல வெண்மையாக இருக்கட்டும், போகும் இடமெல்லாம் நல்லவர்கள் எதிர்ப்படட்டும். அங்கே குளிர் வராது என்று நம்பாதே, அம்மா பின்னிய ஒட்டக மயிர்க் காலுறையைப் பெட்டியில் இருந்து வெளியே எடு. விமான நிலையத்தில் நம் வழக்கப்படி உன் வலது கன்னத்தை மட்டும் முகர்ந்து அனுப்பினேன், இடது கன்னம் நீ திரும்பி வரும்போது என்று. அதற்கு நான் இருப்பேனா என்று தெரியவில்லை. இருக்கத்தான் ஆசைப்படுகிறேன். இல்லாவிட்டால் அம்மாவிடம் காட்டு. ஆனால் யார் முகர்ந்தாலும், கத்ரியேவின் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வந்த கன்னமாக அது இருக்கட்டும்.

உன் அப்பா
சோய்ஜம்ஸ்