காணாமல் போன கடைசித் துண்டு

என்னங்க,

தங்கச்சி புஷ்ராவைப் பார்க்க சைதாப்பேட்டை போறேன். இடியாப்பம் ஹாட் பாக்ஸ்ல இருக்கு, சால்னா அடுப்பு மேல. நேத்து ராத்திரி மாதிரி கோவிச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்காதீங்க.

பதினோரு மணிக்கு வலியுல்லா மாமா வர்றார். உங்க மாமாதான், ஆனாலும் நேத்து நான் சொன்னது சொன்னதுதான். போன வாரம், "சும்மா பார்த்துட்டு வெச்சிடறேம்மா"ன்னு நான் வெட்டிச் சேர்க்கற பழைய பேப்பர் படக்கதைங்களைப் புரட்டிட்டுப் போனார். அன்னிக்கே துப்பறியும் கதையோட கடைசித் துண்டைக் காணோம். ஆல்பத்துல ஒட்டறதுக்காகக் கவுத்து வெச்சிருந்தேன். அவரும் சேர்க்கறவர். அவர்கிட்ட இல்லாதது அது ஒண்ணுதான். அலமாரியைப் பூட்டிட்டேன். வெறும் டீ குடுத்தா போதும். கை ஜிப்பா பைக்குள்ள போகுதான்னு பாருங்க.

ஆஃப்ரீன்

பி.கு: அலமாரிச் சாவியை ஒளிக்க உங்க பழைய கோட்டுப் பையில கையை விட்டேன். துண்டு அங்க இருக்கு! மாமாவுக்காக அவ்வளவு சண்டை போட்டீங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?

கோவத்துல திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் 'காணவில்லை' விளம்பரம். போட்டோவுல தெத்துப்பல்லோட சின்னப் பையனா நீங்க. "ஆசிஃப், எங்கிருந்தாலும் வீடு திரும்பவும். யாரும் திட்டமாட்டோம். அம்மா சாப்பிடாமல் இருக்கிறார்."

நான் பசை தடவி ஒட்டியிருந்தா இந்த விளம்பரம் அதோட போயிருக்கும். இருந்த இடத்துலேயே வெச்சுட்டேன், உங்ககிட்டயே இருக்கட்டும். சாவி ஃப்ரிட்ஜ் மேல. மாமா கேட்டா திறந்து காட்டுங்க, சாப்பிட வெச்சு அனுப்புங்க.

வீட்டை விட்டு ஓடின கதையைச் சாயங்காலம் சொல்லணும். திட்டமாட்டேன். நானும் ராத்திரியிலேர்ந்து சாப்பிடலை.