அழுமூஞ்சிக்கு உள்ளே இடம்

மார்ச் 4

ஆஸ்பத்திரி இருபத்திரண்டாம் கட்டிலின் ஏகபோக உரிமையாளரும் என் அம்மாவுமான பெருமாட்டியின் சமூகத்திற்கு,

இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், இன்று காலை ஆறு நாற்பதுக்கு, சமையலறை ஜன்னலோரம், பழைய தயிர் டப்பாவில், ஒரு தக்காளி விதை மண்ணை முட்டிக்கொண்டு தலையை நீட்டியது. தாயும் சேயும் நலம். தாய் என்பது டப்பா. இதை எழுதி முடிப்பதற்குள் இன்னும் நாலு எட்டிப் பார்த்துவிட்டன. நீ கொடுத்த அழுமூஞ்சி விதை இருபதும் வந்துவிடும் என்று தோன்றுகிறது.

இனி அரசியல். நம் பசுமைக்குடிலில் முப்பது செடிக்குத்தான் இடம். மூன்று ரகத்திலும் சேர்த்து நாற்று எண்பது. யார் உள்ளே, யார் வெளியே? அக்கா, “முரடனை உள்ள வை, புதர் மாதிரி காய்க்கும்” என்கிறாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள அக்காவோடு வந்து தங்கியிருக்கும் அத்தானுக்கு நீ வைத்த பேர்களே பிடிபடவில்லை. “முரடன் யாருடா, அழுமூஞ்சி யாருடா?” என்றார். “முரடன் தக்காளி, அழுமூஞ்சி உங்க பெண்டாட்டி” என்றேன். கரண்டி பறந்து வந்தது. குறி தப்பியது.

என் ஓட்டு நெட்டைக்கொக்குக்கு. கயிறு கட்டினால் கூரை வரை ஏறும், ஆளுக்கு முன்னால் காய்க்கும். அழுமூஞ்சி கொஞ்ச நாள் வெளியே நின்று மழை வெயில் பார்த்து உலகம் கற்றுக்கொள்ளட்டுமே.

பேசினால் இருமல் வருகிறதென்று டாக்டர் உன் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டாராமே. பதினாறு வருஷமாக என்னால் முடியாததை ஒரே நாளில் சாதித்திருக்கிறார். அவருக்கு என் வணக்கம். திட்டுவதையெல்லாம் எழுத்தில் திட்டு.

இப்படிக்கு,
பசுமைக்குடிலின் தற்காலிக மகாராஜா,
வாலு


மார்ச் 9

என் வாலுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் இருமல் பிடித்து நர்ஸ் ஓடி வந்தாள். பேசக் கூடாது என்றுதானே சொன்னீர்கள், சிரிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று எழுதிக் காட்டினேன். இப்போது அதையும் சேர்த்துவிட்டார்கள். எல்லாம் உன்னால்.

அழுமூஞ்சி இருபதும் உள்ளே. இதற்கு மேல்முறையீடு கிடையாது. நாலு துளி மழை பட்டால் தோல் வெடித்து ஒழுகும் என்றுதானே அந்தப் பேரே வைத்தேன். அதை வெளியே விட்டு உலகம் கற்றுக்கொடுக்க வேண்டாம், நீ முதலில் கணக்குப் பாடம் கற்றுக்கொள். மீதிப் பத்து இடம் நெட்டைக்கொக்குக்கு. உள்ளே இடமில்லாத கொக்குகளை வேலியோரம் கட்டு. முரடன் நாற்பதும் வெளியே. அவன் குட்டை, தோல் தடிப்பு, காற்றடித்தாலும் “போடா” என்று நிற்பான். உள்ளே அடைத்தால்தான் அவனுக்கு ஆகாது. இலையோடு இலை ஒட்டி, காற்றுப் போகாமல் பூசணம் பிடிக்கும். அக்காவிடம் சொல்.

ஒன்றை விளையாட்டில்லாமல் கேள். விதை டப்பாவில் ஈரம் இறங்கி மிச்சமெல்லாம் கெட்டுப்போனது உனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக நல்ல பழத்தில் நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்து நான் உண்டாக்கின சாதி அது. வேறு யாரிடமும் கிடையாது. அந்த இருபதுதான் கடைசி. இந்த வருஷம் பழுத்தால்தான் அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்கும்.

அக்கா சொல் கேள். அத்தானைப் படுத்தாதே.

அன்புடன்,
அம்மா


ஏப்ரல் 30

வாலு,

படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். வலது நுரையீரலில் ஒரு மூலையை வெட்டி எடுக்க வேண்டுமாம். ஜூன் 15 என்று தேதி குறித்திருக்கிறார்கள். இதை அக்காவுக்கு மட்டும் எழுதலாம் என்று நினைத்தேன். பிறகு நீ ஒட்டுக்கேட்டு அரைகுறையாகத் தெரிந்துகொள்வாய் என்று உனக்கும் எழுதுகிறேன்.

எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. நீ பயப்படாதே. வீட்டுக்கு ஒரு ஆள் பயந்தால் போதும்.

அம்மா


மே 22

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் தாமதமானதற்கு நிர்வாகம் வருந்துகிறது. வேலைப்பளு.

பயமா? எனக்கா? நீ வேறு. இங்கே நான் சிங்கம் மாதிரி இருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். அக்காதான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே திடீரென்று மூக்கை உறிஞ்சுகிறாள். கேட்டால் சோப்பு நெடி என்கிறாள்.

உன் இருபது பிள்ளைகளும் உள்ளே வரிசையாக நிற்கின்றன. பள்ளிக்கூடம் லீவு, விடிந்ததும் நேரே அங்கேதான் போகிறேன். இலைக்கக்கத்தில் முளைக்கிற பக்கத்தளிரையெல்லாம் நானே என் பொற்கரத்தால் கிள்ளுகிறேன். கதவோரம் ஒன்றாம் நம்பரில் ஆரம்பித்துக் கடைசிவரை ஒன்று விடுவதில்லை. வேறு யாரையும் செடியைத் தொட விடுவதில்லை. அத்தானுக்குத் தண்ணீர்க் குழாய் இலாகா மட்டும்தான்.

போன வாரம் ஒரு பிங்பாங் பந்துக்குச் சிவப்பு வர்ணம் அடித்து ஏழாம் நம்பர் செடியில் கட்டிவிட்டேன். பூ கூட உதிரவில்லை, அதற்குள் பழம். அக்கா தெருவில் பாதி வீட்டைக் கூட்டி வந்து காட்டினாள். பக்கத்து வீட்டு டெய்லர் தட்டிப் பார்த்து, “சத்தம் வருதேம்மா” என்றார். இரண்டு நாள் எனக்குச் சோறு வெளியே.

ஒரு சின்ன விஷயம். ஒன்று, இரண்டு, மூன்றாம் நம்பர்களில் இலை ஒரு மாதிரி இருக்கிறது. வெளிர் பச்சை, கரும் பச்சை என்று திட்டுத்திட்டாக, பட்டாளத்துச் சட்டை மாதிரி. நுனி இலை ஒடுங்கிச் சுருண்டிருக்கிறது. பட்டாளத்தில் சேர ஆசையோ என்னவோ. உரம் போட்டால் சரியாகிவிடும் இல்லையா?

இப்படிக்கு,
சிங்கம்


மே 27

வாலு,

உரம் போடாதே. எதையும் தொடாதே. முதலில் இதை முழுசாகப் படி.

நீ எழுதியது தேமல் நோய். அதற்கு மருந்து இல்லை. திட்டு விழுந்த செடியை வேரோடு பிடுங்கி, பக்கத்துச் செடியில் படாமல் சாக்கில் போட்டு, வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். பிடுங்கியபின் சோப்புப் போட்டுக் கை கழுவு. நல்ல செடியைத் தொடும் முன் கையைப் பாலில் நனைத்துக்கொள். சிரிக்காதே, பாலுக்கு அந்தக் கிருமி அடங்கும்.

காற்றில் வருவதல்ல அது. புகையிலையிலிருந்து வரும். சிகரெட் பிடித்த விரலால் ஒரு தளிரைத் தொட்டால் போதும். இத்தனை வருஷம் நம் வீட்டில் அந்தப் பழக்கம் யாருக்கும் இல்லாததால் உங்களுக்குச் சொல்லிவைக்கத் தோன்றவில்லை. அத்தான் வந்து தங்கியிருக்கிறாரே என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

இனி அவர் பசுமைக்குடில் பக்கமே போகக் கூடாது. மாப்பிள்ளையிடம் இதை எழுத எனக்குக் கை வரவில்லை. அக்காவிடம் சொல்லிச் சொல்லச் சொல். தெரியாமல் நடந்ததுதான், ஆனாலும் என்னால் கோபப்படாமல் இருக்க முடியவில்லை.

நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் வருவதில்லை. கண்ணை மூடினால் அந்த இருபது செடிதான் நிற்கிறது. அது பிழைத்தால் நானும் பிழைப்பேன் என்று என்னவோ ஒன்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டது. படித்தவள் எழுதுகிற எழுத்தா இது என்று எனக்கே வெட்கம். இருந்தாலும் எழுதிவிட்டேன். எத்தனை மிச்சம் என்று உடனே எழுது.

அம்மா


ஜூன் 3

அம்மா,

நீ சொன்னபடியே செய்தேன். மூன்றைப் பிடுங்கினோம். இரண்டு நாளில் நாலும் ஐந்தும் திட்டு விழுந்தன. அப்புறம் ஆறு. நேற்று ஏழும் எட்டும். தினமும் காலையில் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்க்கிறேன். பரீட்சை முடிவு ஒட்டின பலகையைப் பார்ப்பது போல இருக்கிறது. இன்று பன்னிரண்டு நிற்கின்றன.

அக்கா அத்தானிடம் சொல்லிவிட்டாள். சொன்னாள் என்றால் மெதுவாக இல்லை. “எங்கம்மா உயிரைக் கையில பிடிச்சிட்டுக் கிடக்காங்க, உங்களுக்கு ஒரு மாசம் அந்தக் கருமத்தை விட முடியலையா?” என்று தட்டை வைத்த வேகத்தில் குழம்பு சுவர் வரை போனது. அத்தான் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, சுவரைத் துடைத்தார்.

அதற்கப்புறம் அவர் பசுமைக்குடில் பக்கம் வருவதில்லை. முரடன்களுக்கு மட்டும் தண்ணீர் விடுகிறார். நடுவில் ஒரு கோடு போட்ட மாதிரி, அதைத் தாண்டி வருவதில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். “என்னடா?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். “அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும்டா. மத்ததெல்லாம் அப்புறம்” என்றார்.

வெளியே முரடன்களுக்கு ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கின்றன. ஜோக் எதுவும் இன்று தோன்றவில்லை.

வாலு


ஜூன் 8

வாலு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும்.

உன் கடிதங்களை வரிசையாக வைத்துத் திரும்பப் படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை தப்பாமல் போகிறதே. அது கிள்ளுகிற கையோடு நடந்து போயிருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. அத்தான் செடியைத் தொட்டாரா?

15ஆம் தேதிக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். பொய் எழுதாதே.

அம்மா


ஜூன் 12

அம்மா,

இல்லை. அத்தான் ஒரு செடியைக்கூடத் தொடவில்லை.

நான்தான்.

நுரையீரலை வெட்டப் போகிறார்கள் என்று நீ எழுதின கடிதம் வந்த அன்றைக்கு அத்தானின் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். பயத்துக்கு அது நல்லது என்று கூடப் படிக்கிற ஒருவன் சொல்லியிருந்தான். பசுமைக்குடிலுக்குப் பின்னால் உட்கார்ந்து பற்றவைத்தேன். பதினோரு நாள், நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு நாளும் அப்படியே எழுந்து உள்ளே போய், ஒன்றாம் நம்பரிலிருந்து கிள்ள ஆரம்பித்தேன். கை கழுவவில்லை. எனக்குத் தெரியாது அம்மா. அது மட்டும் சத்தியம். ஆனால் மே 27ஆம் தேதிக் கடிதத்தைப் படித்த நிமிஷத்திலிருந்து தெரியும். தெரிந்தும் அக்கா கத்துவதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

பாக்கெட் குறைவதை அத்தான் அப்போதே கவனித்திருக்கிறார். நேற்றுதான் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. “நான் வெளி ஆள்டா, என்மேல கோவம் வந்தா அத்தை தாங்குவாங்க. உன்மேல வந்தா தாங்கமாட்டாங்க” என்றார். இப்போதும் ஆபரேஷன் முடிந்தபின் சொல் என்றுதான் சொல்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நீ கேட்டுவிட்டாய். நீ கோபத்தோடு உள்ளே போவாயே என்று பயமாக இருக்கிறது. நான் சொல்லாமல் நீ உள்ளே போய்விடுவாயோ என்பது அதைவிடப் பெரிய பயமாக இருக்கிறது.

ஒன்பது நிற்கின்றன. நாலு நாளாகப் புதிதாகத் திட்டு இல்லை. நாலு செடியில் காய் பிடித்திருக்கிறது, கோலிக்குண்டு அளவு. நான் உள்ளே போவதே இல்லை. நேற்றிலிருந்து அத்தான்தான் பாலில் கை நனைத்துக்கொண்டு போகிறார். பாக்கெட்டைக் குப்பையில் போட்டதற்கப்புறம் அவர் சிகரெட்டைத் தொடவில்லை. நான் வெளியே நின்று எதைக் கிள்ள வேண்டும் என்று விரலைக் காட்டுகிறேன். ஒன்பதும் பிழைக்கும் என்று என்னால் எழுத முடியவில்லை. ஆனால் அதற்கும் உனக்கும் போட்ட முடிச்சை அவிழ்த்துவிடு அம்மா. செடியைக் கெடுத்தது என் கை. அது உன்னை ஒன்றும் செய்யக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புகையில் வளையம் விடுவேன் என்று வகுப்பில் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் நாள் ஒரு இழுப்பு இழுத்ததற்கே கண்ணில் நீர் வந்து வாந்தி எடுத்தேன். மற்ற பத்து நாளும் சும்மா பற்றவைத்து, தீ விரலைச் சுடுகிற வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம் போகவில்லை.

நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதினதும் பொய். இதுவரை எழுதினதை மூன்று தரம் தபால் பெட்டி வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அத்தான் நாளைக்கு உன்னைப் பார்க்க வருகிறார். நீ அவரிடம் என்ன எழுதிக் காட்டுவாயோ தெரியாது, இருந்தாலும் வருகிறார். சிங்கத்துக்குத் தைரியம் இல்லாததால் இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

உன்
மகன்